பெயர் போட வேண்டாம்

அன்புள்ள ஐயா,

கப்பலூரில் சின்னதாக அட்டைப்பெட்டி கம்பெனி வைத்திருக்கிறேன். சரக்கு இறக்கி இரண்டு மாதம் கழித்து, வாங்குகிற கம்பெனிக்காரர்கள் 'டேமேஜ்' என்று டெபிட் நோட் (பணத்தைக் கழிக்கும் சீட்டு) போட்டு, பில்லில் பிடித்துக்கொள்கிறார்கள். பர்ச்சேஸ் மேனேஜர் மீது தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். கடிதம் நேரே அவர் மேஜைக்கே போயிருக்கிறது. மறு மாதம் ஆர்டர் பாதியாகிவிட்டது. சட்டம் இருக்கிறது என்கிறீர்களே, எங்களைப் போன்றவர்களுக்கு அது ஒத்துவருமா? பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பெயரை எடுத்துவிட்டேன். நீங்கள் செய்வது அட்டைப்பெட்டியும் அல்ல; அதையும் மாற்றினேன். பொருளைச் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சட்டத்தில் உங்கள் பக்கம் வலுவாகவே இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் சிறு, குறுந்தொழில் சட்டப்படி, சரக்கில் குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இறக்கிய அன்றே ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. உத்யம் என்கிற சிறுதொழில் அரசுப் பதிவு இருந்தால் மதுரையிலேயே இதற்கான கவுன்சிலில் மனுப் போடலாம்.

ஆனால் மனுப் போட்டதும் உங்கள் பெயரோடுதான் அந்தக் கம்பெனிக்கு நோட்டீஸ் போகும். பழைய பாக்கி வரலாம். அடுத்த மாத ஆர்டருக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. அதனால்தான் பலர் வியாபாரம் முறிந்த பிறகே அந்தப் படி ஏறுகிறார்கள். 'தைரியமாகப் புகார் கொடுங்கள்' என்று மேடையில் பேசுகிறவர்கள் யாரும் உங்கள் ஆட்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் போடப் போவதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் விவசாய, உணவுப் பொருள் சப்ளைக்கு ஒரு விதி கொண்டுவந்தது. புகார் சொன்னவரைப் பழிவாங்குவதே அதில் தனித் தவறு. பெயரை மறைக்கச் சொல்லிக் கேட்கலாம். சங்கமே புகார் கொடுக்கலாம். இங்கே வேண்டியதும் இதுதான்.

அது வரும்வரை தனியாகப் போகாதீர்கள். உங்களைப் போல நாலு பேருக்காவது இது நடந்திருக்கும். பில் நம்பர், தேதி எதுவும் இல்லாமல், 'எங்கள் உறுப்பினர்கள் சிலருக்கு' என்று மடீட்சியா மாதிரி ஒரு சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் புகார் போகட்டும். டெலிவரி சலானில் சீலும் தேதியும் வாங்காமல் வண்டியைத் திருப்பாதீர்கள். இன்னொரு பார்ட்டியையும் இப்போதே பிடியுங்கள்.

மார்ச் முடிந்ததும் பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் என்று, பாக்கித் தொகையை உறுதிசெய்யச் சொல்லி ஒரு தாள் வரும். டெபிட் நோட் தொகையை ஏற்கவில்லை என்று எழுதாமல் அதில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.