கையிலும் காலிலும் 97 காட்டியதே, அப்புறம் எக்கோ எதற்கு?

கேள்வி: எங்கள் குழந்தை பிறந்த மறுநாள், வலது கையிலும் காலிலும் சென்சார் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்த்தார்கள். 97, 96 சதவீதம் என்று வந்தது. "இதயம் நன்றாக இருக்கிறது" என்றார் நர்ஸ். இப்போது ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போனபோது, மர்மர் (இதயத் துடிப்போடு சேர்ந்து வரும் கூடுதல் சத்தம்) கேட்கிறது, எக்கோ (இதய ஸ்கேன்) எடுங்கள் என்கிறார் மருத்துவர். "அதான் மெஷினே சொல்லிடுச்சே" என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். எடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: எடுத்துவிடுங்கள். நர்ஸ் சொன்னது பாதிதான் சரி. அந்தக் கருவி இதயத்தைப் பார்ப்பதே இல்லை, ரத்தத்தில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறது என்பதை மட்டும் பார்க்கிறது. ஆக்ஸிஜனைக் குறைக்காத இதயக் கோளாறு அதன் கண்ணில் படாது.

அதற்காகச் சோதனையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். பிறந்த முதல் சில நாட்களில் உயிரைப் பறிக்கக்கூடிய கடுமையான கோளாறுகளைப் பிடிக்கத்தான் அது வந்தது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் பச்சிளம் குழந்தை மருத்துவப் பேராசிரியரான ஆண்ட்ரூ யூவரும் குழுவினரும் ஆறு மகப்பேறு மருத்துவமனைகளில் 20,055 குழந்தைகளைச் சோதித்து 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மிகக் கடுமையான கோளாறு இருந்த 24 குழந்தைகளில் 18 பேரைச் சோதனை கண்டுபிடித்தது. பெரிய கோளாறுகள் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினால், 53 பேரில் 26 பேர்தான் சிக்கினார்கள், அதாவது பாதிக்குச் சற்றுக் குறைவு. அடுத்த ஆண்டு ஷகிலா தங்கரத்தினம் முதல் ஆசிரியராக இருந்து, 13 ஆய்வுகளின் 2,29,421 குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் கடுமையான கோளாறுகளில் கிட்டத்தட்ட நான்கில் மூன்றுதான் பிடிபட்டன. ஆக, அளவு குறைவாக வந்தால் உடனே மேலே பார்க்க வேண்டும். சரியாக வந்தால் பெரிய ஆபத்துக்கான வாய்ப்பு குறைந்தது, அவ்வளவுதான்.

யூவர் ஆய்வில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. சோதனையில் அளவு குறைவாக வந்த குழந்தைகளில் 40 பேருக்கு இதயத்தில் கோளாறு இல்லை. ஆனால் நோய்த்தொற்று, மூச்சுப் பிரச்சினை என உடனே கவனிக்க வேண்டிய வேறு நோய் இருந்தது. வீண் பயம் என்று நாம் ஒதுக்குவதும் சில நேரம் பயன்படுகிறது.

சரி, 97 காட்டிய குழந்தைக்கு மர்மர் எப்படி வந்தது? இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே சின்ன ஓட்டை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த புதிதில், நுரையீரலுக்கு ரத்தம் அனுப்பும் வலப்பக்கத்து அழுத்தமும் உயர்ந்தே இருக்கும். நடுச்சுவரில் ஓட்டை இருந்தாலும் இரண்டு தொட்டியிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றால் எதுவும் பாயாதே, அதுபோல அப்போது சத்தம் பெரிதாக இருக்காது. நாட்கள், வாரங்கள் போகப்போக வலப்பக்க அழுத்தம் இறங்கும், ஓட்டை வழியே ரத்தம் பீறிடும், மர்மர் கேட்கும். பாய்வதோ ஆக்ஸிஜன் நிறைந்த ரத்தம். அது நுரையீரலுக்கே திரும்பிப் போகிறது. அதனால் கையிலும் காலிலும் எண் குறையாது. இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டு போகும் பெரிய குழாயான மகாதமனி குறுகியிருப்பதும் இந்தச் சோதனைக்கு அடிக்கடி தப்பிவிடும். அப்படிக் குறுகியிருந்தால் காலுக்குப் போகும் நாடி மெலிந்திருக்கும்; தொடை இடுக்கில் நாடி பிடித்துப் பார்ப்பதை மருத்துவர்கள் இன்றும் விடாததற்கு அது ஒரு காரணம்.

இந்த வயதில் கேட்கும் மர்மர்கள் பலவும் ஒன்றுமில்லாதவை. சின்ன ஓட்டைகள் பெரும்பாலும் தாமாகவே மூடிக்கொள்ளும். ஆனால் எது எந்த வகை என்று எக்கோதான் சொல்லும். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, அது வெறும் ஸ்கேன்தான். வயிறு நிறையப் பால் கொடுத்துத் தூங்கவைத்துக் கூட்டிப் போங்கள். குழந்தைகளுக்கு எக்கோ எடுத்துப் பழகியவரிடம் எடுப்பது முக்கியம். பெரியவர்களுக்கு மட்டுமே எடுப்பவர் சின்ன விஷயங்களைத் தவறவிடலாம். செலவு கவலையாக இருந்தால், அரசின் ராஷ்டிரிய பால் சுவஸ்திய காரியக்ரம் திட்டத்தில் பிறவி இதயக் கோளாறும் அடங்கும். மாவட்டத்தில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் விசாரியுங்கள்.

எக்கோவுக்கு நாள் கிடைக்கும்வரை குழந்தை பால் குடிப்பதைக் கவனியுங்கள். நாலு வாய் குடித்ததும் களைத்து நிறுத்துவது, குடிக்கும்போது நெற்றி வியர்ப்பது, தூங்கும்போதும் நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு வாங்குவது, நாக்கும் உதடும் நீலமாவது, இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால் அந்த நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். குளிரில் கை கால் மட்டும் லேசாக நீலம் பாய்வது சாதாரணம்தான், அதற்குப் பயப்பட வேண்டாம்.