படகில் உள்ள 12 வோல்ட் பிரிட்ஜ் பகலில் ஓடுகிறது, இரவில் நின்றுவிடுகிறது. கேஸ் அடிக்க வேண்டுமா?

தயவுசெய்து கேஸ் அடிக்காதீர்கள். முதலில் கம்பியைப் பாருங்கள்.

இஞ்சின் ஓடும்போது நன்றாகக் குளிர்கிறது, நங்கூரம் போட்டபின் நின்று நின்று ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான சிறிய படகுகளைப் போல உங்களுடையதிலும் டான்போஸ் பிடி35 வகைக் கம்ப்ரசர்தான் (இப்போது செகோப் என்ற பெயரில் வருகிறது) இருக்கும் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறேன். கேஸ் கசிந்திருந்தால் கம்ப்ரசர் நிற்காது. ஓடிக்கொண்டே இருக்கும், பெட்டிதான் குளிராது. உங்களுடையது நிற்கிறது.

என் மாமா பினாங்கில், பத்து மாவுங் என்ற ஊரில் படகு வைத்திருக்கிறார். இரவில் புலாவ் கென்டி தீவுப் பக்கம் தூண்டில் போட ஆட்களை ஏற்றிப்போவார். போன வருடம் இதே கோளாறு. விடிவதற்குள் இறாலும் கணவாயும் நாறிவிடும். ஒரு கடையில் மூன்று முறை கேஸ் அடித்தார்கள், ஒவ்வொரு முறையும் 180 வெள்ளி (ரிங்கிட்). யாரும் இரவில் படகில் ஏறிப் பார்க்கவில்லை. கடைசியில், "மாப்பிள்ளை, இந்த ஐஸ்பெட்டியைத் தூக்கிக் கடலில் போடவா?" என்று எனக்கு அழைத்தார்.

நானும் பகலில் போய் அளந்தேன். பேட்டரியில் 12.6, பிரிட்ஜ் முனையிலும் 12.6. அப்புறம்தான் உறைத்தது, கம்ப்ரசர் நின்றிருக்கும்போது அளந்திருக்கிறேன். மின்சாரம் ஓடாத கம்பியில் வோல்ட் இறங்காது. அன்று இரவு கூடவே போனேன். கம்ப்ரசர் ஓடும்போது பேட்டரியில் 12.2, பிரிட்ஜ் முனையில் 10.3. கிட்டத்தட்ட 2 வோல்ட் வழியிலேயே போய்விட்டது. கம்ப்ரசரோடு வரும் கண்ட்ரோல் பெட்டி, வோல்ட் 10.4க்குக் கீழே வந்தால் பேட்டரியைக் காப்பாற்ற நிறுத்திவிடும். நின்றதும் வோல்ட் ஏறும், மறுபடி ஓடப் பார்க்கும், மறுபடி விழும். இஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் வருவதால் பகலில் இது தெரியவே தெரியாது. அந்தப் பெட்டியில் பிளஸ், டி என்று இரண்டு முனைகள் உண்டு. ஒரு சின்ன எல்இடியை அவற்றில் மாட்டினால் கோளாறைச் சொல்லும். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மின்னல் என்றால் வோல்ட் போதவில்லை என்று அர்த்தம். எங்களுக்கு ஒன்றுதான் மின்னியது.

பேட்டரியிலிருந்து பிரிட்ஜ் வரை 8 மீட்டர் தூரத்துக்கு யாரோ 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டிருந்தார்கள். பியூஸ் தாங்கியில் உப்புக்காற்று பட்டுக் களிம்பு ஏறி, திறந்தால் உள்ளே முழுக்கப் பச்சை. இந்தக் கம்ப்ரசருக்கு 12 வோல்ட்டில் 4 மீட்டர் தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர், 6க்கு 6, 10 மீட்டருக்கு 10 என்று கணக்கு. நாங்கள் வெள்ளீயம் பூசிய 10 சதுர மில்லிமீட்டர் கம்பியை, நடுவில் எந்த ஒட்டும் இல்லாமல், பேட்டரி பக்கத்திலேயே 15 ஆம்பியர் பியூஸ் வைத்து நேராக இழுத்தோம். பேட்டரியில் 12.2 இருக்கும்போது பிரிட்ஜில் 12 நின்றது. அன்றிலிருந்து இரவில் நிற்கவில்லை.

லித்தியம் பேட்டரி போட்டால் தீர்ந்தது என்று இங்கே சிலர் சொல்வார்கள். லித்தியத்தில் வோல்ட் அவ்வளவு இறங்காது, உண்மைதான். ஆனால் களிம்பு பிடித்த இணைப்பு அப்போதும் சூடாகிக்கொண்டுதான் இருக்கும், படகில் தீ என்றால் ஓட இடமில்லை. வீட்டு பிரிட்ஜை இன்வெர்ட்டரில் ஓட்டலாம்தான். ஆனால் தொடங்கும்போது பல மடங்கு இழுக்கும், இன்வெர்ட்டரும் தன் பங்குக்குத் தின்னும். இருப்பதைச் சரிசெய்யுங்கள்.

இதை எழுதும்போது இன்னொன்றும் மனதில் வருகிறது. எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துத் தொழில்திறன் பயிற்சிக்குப் போன பிள்ளையை நம் சொந்தக்காரர்கள் இன்னமும் "படிப்பு வரல" என்றுதான் சொல்கிறார்கள். எனக்கும் சொன்னார்கள், கல்யாண வீட்டில், என் அம்மாவை வைத்துக்கொண்டு. வோல்ட், ஆம்பியர் கணக்கைச் சொல்லும் ஓம் விதியைக் கையில் பிடித்துத் தினமும் வேலை செய்பவனுக்கு எப்படி ஐயா படிப்பு வரவில்லை?

சரி, உங்கள் விஷயம். நம் ஊர் வெக்கையில் அந்தக் கம்ப்ரசர் நாளில் பாதி நேரத்துக்கு மேல் ஓடும். சராசரி 4 ஆம்பியர், 14 மணி நேரம் என்று வைத்தாலே 56 ஆம்பியர்மணி. சாதாரண 100 ஆம்பியர்மணி ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் இழுத்தால் அதன் ஆயுள் குறையும். அதனால் இரண்டு வேண்டும், அதுவும் இஞ்சின் ஸ்டார்ட் பேட்டரியைத் தொடாமல் தனியாக. கம்ப்ரசர் பக்கம் காற்றோட்டத்தை அடைத்து லைஃப் ஜாக்கெட் திணித்திருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள்.

இன்று இரவு கம்ப்ரசர் ஓடும்போதே இரண்டு இடத்திலும் அளந்து, கம்பியின் நீளத்தோடு கருத்துப் பகுதியில் போடுங்கள். என்ன தடிமன் வேண்டும் என்று சொல்கிறேன்.