கப்பல்ல நல்ல காபி, நல்ல டீ குடிக்க என்ன வழி? உங்க கேள்விகளுக்கு என் பதில்

லீவு நெருங்க நெருங்க குரூஸ் புக் பண்ணினவங்க கிட்ட இருந்து கேள்வி வந்துட்டே இருக்கு, அதுல பாதிக்கு மேல காபி டீ பத்திதான். நான் ஏழு வருஷம் கப்பல்ல வேலை பார்த்தவன், முதல்ல பஃபேல, அப்புறம் கபே கவுண்டர்ல, அதனால கவுண்டருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு தெரியும். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். கப்பல் காபி நல்லா இல்லன்னா பெரும்பாலும் தப்பு காபிக்கொட்டைல இருக்காது, போட்டு எவ்ளோ நேரம் ஆச்சு, தண்ணி எவ்ளோ சூடு, இந்த ரெண்டுலதான் இருக்கும்.

பஃபேல காலைல குடிச்ச காபி ஒரே கசப்பு, கூடவே ஒரு புளிப்பு வேற. ஏன் இப்படி? (மதுரை வாசகர்)

சார், ரெண்டாயிரம் மூவாயிரம் பேர் ஏழு மணில இருந்து ஒன்பது மணிக்குள்ள ஒரே இடத்துக்கு வந்து கப்ப நீட்டுறாங்க, ஒவ்வொருத்தருக்கும் புதுசா போட முடியாது. அதனால பெரிய டிரம்ல மொத்தமா போட்டு வைப்பாங்க, சில கப்பல்ல காபித்தூளே இருக்காது, கெட்டியான காபி சிரப்ப மெஷின் வெந்நீரோட கலந்து ஊத்தும். டிரம்ல சூட்டுலயே நிக்க நிக்க காபில இருக்கிற குளோரோஜெனிக் அமிலம் உடைஞ்சு குயினிக் அமிலம், கஃபேயிக் அமிலம்னு மாறுது, நீங்க சொல்ற அந்தக் கசப்பும் புளிப்பும் அங்கதான் வருது.

தண்ணியும் ஒரு காரணம். கப்பல் தண்ணி நிறைய கடல் தண்ணிய ஆவியாக்கியோ ஆர்ஓ பண்ணியோ எடுக்கிறது, அதுல உப்போட சேர்ந்து கால்சியம் மக்னீசியம் எல்லாம் போயிடும், அப்புறம் சுண்ணாம்புக்கல் ஃபில்டர் வழியா விட்டு கொஞ்சம் திரும்ப சேர்ப்பாங்க. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு போற கப்பல்னா சிடிசிங்கிற அமெரிக்க அரசு சுகாதார அமைப்போட விதிப்படி கடைசி குழாய் வரைக்கும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்கணும். பாதுகாப்புக்கு அது வேணும், ஆனா காபி வாசனைய கொஞ்சம் அமுக்கிடும். கபேல இருக்கிற எஸ்பிரசோ மெஷினுக்கு பெரும்பாலும் தனி ஃபில்டர் போட்டிருப்பாங்க, அதனால அதே கொட்டைன்னாலும் அங்க ருசி வேற மாதிரி இருக்கும்.

நீங்க செய்ய வேண்டியது, பஃபேல நிக்கிற பையன்கிட்ட "இது எப்போ போட்டது, புதுசா மாத்தப் போறீங்களா"ன்னு கேளுங்க. தயங்கவே வேண்டாம், நாங்க யாரும் தப்பா எடுத்துக்க மாட்டோம், பலதடவை "அஞ்சு நிமிஷம் இருங்க சார் புதுசு வருது"ன்னுதான் சொல்லியிருக்கோம். இல்லன்னா உக்காந்து சாப்பிடுற டைனிங் ரூமுக்கு போங்க, அங்க ஜக்குல ஊத்தி ஊத்தி சீக்கிரம் தீர்ந்துடும், ரொம்ப நேரம் நிக்காது.

ரூம்லயே வெந்நீர் போட சின்ன ட்ராவல் கெட்டில் எடுத்துட்டு போகலாமா? (சிங்கப்பூர்ல இருந்து ஒரு அக்கா)

வேண்டாங்க அக்கா. பெரும்பாலான கம்பெனில தடை, பெட்டி ஸ்கேன் ஆகும்போதே மாட்டிடும், எடுத்து வச்சுட்டு கடைசி நாள்தான் திருப்பி தருவாங்க. வெந்நீர் போடுற காயில் ராடும் அதே கதைதான். இதுல கோவப்பட ஒண்ணும் இல்ல, நடுக்கடல்ல தீப்பிடிச்சா வெளில இருந்து ஃபயர் சர்வீஸ் வராது, கப்பல் ஆளுங்களேதான் அணைக்கணும், அந்த ட்ரெயினிங் எடுத்தவனா சொல்றேன், ரூம்ல சூடாகுற சாமான் எதுவும் இருக்கக்கூடாதுன்னு நினைக்கிறது சரிதான். பிரிட்டிஷ்காரங்களுக்குன்னே ஓடுற பி அண்ட் ஓ, குனார்ட் மாதிரி கம்பெனில மட்டும் ரூம்லயே அவங்க கெட்டில் இருக்கும், டீ இல்லாம அந்த ஊர்க்காரங்க ஒரு நாள் கூட ஓட்ட மாட்டாங்க. மத்த கப்பல்ல கெட்டிலுக்கு பதிலா ஒரு நல்ல ஸ்டீல் ஃபிளாஸ்க் எடுத்துட்டு போங்க. கீழ வர்ற பதில்ல பாதிக்கு அதான் தேவைப்படும்.

எங்க அப்பாவுக்கு ஃபில்டர் காபி இல்லாம விடியாது. அஞ்சு நாள் கப்பல்ல என்ன பண்றது? (கும்பகோணம் வாசகி)

எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி இது, கொஞ்சம் விரிவாவே சொல்றேன் மா.

நம்ம ஸ்டீல் ஃபில்டர தாராளமா எடுத்துட்டு போகலாம், கரண்டும் இல்ல, நெருப்பும் இல்ல, யாரும் தடுக்க மாட்டாங்க. காபிப்பொடி கடைல சீல் பண்ணின பாக்கெட்டா இருக்கட்டும், வீட்டு டப்பால கொண்டு போனா செக்கிங்ல கேள்வி வரும், வீட்டுல செஞ்ச தின்பண்டத்த நிறைய கப்பல்ல உள்ளயே விட மாட்டாங்க. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துல இறங்குற பயணம்னா, உள்ள நுழையும்போது என்ன கொண்டு வர்றீங்கன்னு கேக்கிற அட்டைல காபிப்பொடி இருக்குன்னு எழுதிடுங்க, மறைச்சா ஃபைன் போடுவாங்க.

வெந்நீர் பஃபேல இருக்கிற குழாய்ல வரும். சிக்கல் என்னன்னா, காபி நல்லா இறங்க 90ல இருந்து 96 டிகிரி வேணும், அந்தக் குழாய்ல நிறைய நேரம் 85 கிட்டதான் வரும், அதுவும் குழாய்ல நின்ன முதல் தண்ணி இன்னும் ஆறியிருக்கும். அதனால முதல் கப்ப பிடிச்சு ஃபிளாஸ்க்குக்குள்ள ஊத்தி குலுக்கி கொட்டிடுங்க, அப்புறம் ஃபிளாஸ்க்க நிரப்பி மூடி, ரூமுக்கு நேரா வந்துடுங்க. ஃபில்டரையும் கொஞ்சம் வெந்நீர் விட்டு சூடு பண்ணிட்டு, துடைச்சு, வீட்டுல போடுறத விட அரை ஸ்பூன் பொடி கூடுதலா போடுங்க, தண்ணிய ஒரேயடியா ஊத்தாம ரெண்டு தவணையா ஊத்துங்க. சிக்கரி கலந்த பொடி இந்த இடத்துல ரொம்ப கைகொடுக்கும், சூடு கம்மியான தண்ணில கூட சிக்கரி சுலபமா கரைஞ்சு டிகாஷனுக்கு கெட்டித்தனம் குடுக்கும், வெறும் காபிப்பொடின்னா தண்ணியா இறங்கும்.

பால்தான் அடுத்த பிரச்சனை. கப்பல்ல வர்றது பெரும்பாலும் 135 டிகிரிக்கு மேல சில வினாடி காய்ச்சி அடைச்ச யுஎச்டி பால், அதுக்குன்னு ஒரு காய்ச்சின வாசனை இருக்கும், பஃபேல அதையும் சில்லுன்னுதான் வச்சிருப்பாங்க. டிகாஷன்ல சில்லுன்னு பால ஊத்தினா எல்லாம் போச்சு. கபேக்கு போய் ஒரு கப் ஸ்டீம் பண்ணின பால் மட்டும் கேளுங்க, சில இடத்துல சும்மாவே குடுப்பாங்க, சில இடத்துல காசு. டம்ளர் டபராவ மட்டும் மறக்காம பைல போட்டுக்கோங்க, அப்பாவுக்கு பேப்பர் கப்ல குடுத்தா பாதி சந்தோஷம் போயிடும்.

ஒரே ஒரு வேண்டுகோள், ஊறின பொடிய பாத்ரூம்ல கொட்டிடாதீங்க. கப்பல் டாய்லெட் வேக்குவம்ல இழுக்குற மாதிரி, அடைச்சுக்கிட்டா உங்க ரூம் மட்டும் இல்லாம பக்கத்து ரூம்களுக்கும் சேர்ந்து நின்னுடும். டிஷ்யூல சுத்தி குப்பைத் தொட்டில போடுங்க.

பொறுமை இல்லாத இளசுகளுக்கு கையால அமுக்கி காபி இறக்குற ஏரோபிரஸ் இருக்கு, 2005ல ஆலன் ஆட்லர்னு ஒரு அமெரிக்கர் கொண்டு வந்தது. அவரு சொன்ன சூடே 80 டிகிரிதான், அதனால கப்பல் தண்ணிக்கு அளவெடுத்து தச்ச மாதிரி பொருந்தும், ரெண்டு நிமிஷ வேலை.

லாட்டே வாங்கினா வெதுவெதுன்னுதான் தர்றாங்க. திருப்பிக் குடுக்கவும் கூச்சமா இருக்கு. (சென்னை வாசகி)

அவங்க கவனக்குறைவு இல்ல மா இது, பால 60-65 டிகிரிலயே நிறுத்தணும்னுதான் எங்களுக்கு சொல்லிக் குடுப்பாங்க, 70 தாண்டினா பாலோட இனிப்பு போயிடும்னு கணக்கு. நம்ம நாக்கு கொதிக்க கொதிக்க ஆத்திக் குடிச்சு பழகினது. ஆர்டர் பண்ணும்போதே "எக்ஸ்ட்ரா ஹாட்"னு சொல்லிடுங்க, தினமும் பத்து பேர் கேக்கிறதுதான். இன்னும் நல்ல வழி, டபுள் எஸ்பிரசோவும் சூடான பாலும் தனித்தனியா கேட்டு வாங்கி நீங்களே கலந்துக்கோங்க, ஃபில்டர் காபிக்கு கப்பல்ல கிடைக்கிற கிட்டத்து சொந்தம் அதுதான்.

டீ மட்டும் ஏன் எந்தக் கப்பல்லயும் நல்லா இல்ல? (கொழும்பு வாசகர்)

அண்ணா, நல்ல டீ விளையிற ஊர்ல இருந்து கேக்கிறீங்க, கஷ்டம் புரியுது. கறுப்புத் தேயிலைக்கு கொதிக்கிற தண்ணி வேணும். கப்பல் கடல் மட்டத்துல இருக்கிறதால தண்ணி முழுசா 100 டிகிரில கொதிக்கும், ஊட்டில கூட 93 கிட்டயே கொதிச்சிடும், ஆனா அந்தக் கொதி உங்க மேசை வரைக்கும் வந்து சேர்றதில்ல. சில்லுன்னு இருக்கிற பாட்ல வெந்நீர ஊத்தி, டீ பேக்க சாஸர்ல தனியா வச்சு கொண்டு வந்து தர்றாங்க, நீங்க பிரிச்சு போடுறதுக்குள்ள 80க்கு இறங்கிடும், கலர் வரும், சாறு வராது. சில கப்பல்ல காபி இருந்த பாட்லயே வெந்நீர் வரும், அந்த வாடை டீய கெடுத்துடும், தயங்காம வேற பாட் கேளுங்க.

சர்வர்கிட்ட "பாட்ட முதல்ல வெந்நீர்ல கழுவிட்டு, டீ பேக்க உள்ள போட்டு, அங்கயே தண்ணி ஊத்தி கொண்டு வாங்க"ன்னு சொல்லுங்க. இது ஒண்ணுலயே பெரிய வித்தியாசம் தெரியும். பஃபேன்னா ஃபிளாஸ்க்குல ரெண்டு பேக்க போட்டு வெந்நீர் விட்டு மூடி அஞ்சு நிமிஷம் விடுங்க, மூடி இருக்கிறதால சூடு இறங்காது. உங்க ஊர் நல்ல பிஓபி ரகத் தேயிலைத் தூள் ஒரு பாக்கெட்டும் ஒரு வடிகட்டியும் பைல இருந்தா இன்னும் நல்லது.

மாமியாருக்கு இஞ்சி ஏலக்காய் தட்டிப் போட்ட மசாலா டீதான் வேணுமாம், கிடைக்குமா?

கேட்டா கிடைக்கும், ஆனா காலைல போய் நின்னு கேட்டா கிடைக்காது. முந்தின நாள் ராத்திரி சாப்பாட்டுலயே உங்க மேசை ஹெட் வெயிட்டர்கிட்ட சொல்லி வைங்க. பெரிய கப்பல் கிச்சன்ல இந்திய சமையல்காரங்க அனேகமா இருப்பாங்க, அவங்களுக்கே தினமும் அந்த டீதான் வேணும், ஒரு கெட்டில் கூட போடுறது பெரிய வேலை இல்ல. கார்டேலியா மாதிரி இந்தியப் பயணிகளுக்காகவே ஓடுற கப்பல்னா இந்தக் கவலையே வேண்டாம். மெனுல இருக்கிற சாய் லாட்டேய மட்டும் நம்பி வாங்கிக் குடுக்காதீங்க, அது பெரும்பாலும் இனிப்பு சிரப்ல பால் ஊத்தினது.

காபி பேக்கேஜ் வாங்கலாமா?

பேக்கேஜ்னா மொத்தமா முன்னாடியே காசு கட்டிடறது, அதனால ஒரு நாளைக்கு எத்தனை எஸ்பிரசோ வகை குடிப்பீங்கன்னு மனசாட்சியோட எண்ணுங்க. சாதாரண காபி, டீ எல்லாம் பெரும்பாலான கப்பல்ல டிக்கெட்லயே சேர்ந்தது. ஒரு நாளைக்கு ஒண்ணுன்னா தனியா வாங்கறதே போதும், மூணு நாலுன்னா பேக்கேஜ் கட்டுப்படியாகும். விலைக்கு மேல 18ல இருந்து 20 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் ஏத்துறது அமெரிக்கக் கம்பெனிகள்ல வழக்கம், அதையும் சேர்த்துக் கணக்கு போடுங்க. அப்புறம் எந்தக் கவுண்டர்ல செல்லும்னு படிச்சுப் பாருங்க, ராயல் கரீபியன் கப்பல்ல இருக்கிற ஸ்டார்பக்ஸ் கடைல அந்தக் கப்பலோட டிரிங்க்ஸ் பேக்கேஜ் செல்லாது, அது தெரியாம வரிசைல நின்னு முகம் வாடினவங்கள நான் நிறைய பார்த்திருக்கேன்.

விடிகாலை அஞ்சு மணிக்கு முழிச்சுடுவேன், அப்போ எங்க போறது? (திருச்சி, ரிட்டயர்டு ஆசிரியர்)

சார், ராத்திரியே ரூம் கதவுல ஒரு பிரேக்ஃபாஸ்ட் அட்டை மாட்டுவாங்க, அது இருக்கிற கப்பல்னா காபிக்கு டிக் பண்ணி இருக்கிறதுலயே சீக்கிரமான நேரத்த போடுங்க, ஃபிளாஸ்க்குல வரும், டிரம் காபிய விட எவ்வளவோ மேல். பிரின்சஸ் கம்பெனி கப்பல்கள்ல இன்டர்நேஷனல் கபேன்னு ஒண்ணு இருக்கு, எத்தனை மணிக்கு திறக்கும்னு கேட்டுக்கோங்க. மத்ததுல நாலு மணில இருந்து ஆறு மணி வரைக்கும் ரொம்ப நேரம் நின்ன காபிதான் இருக்கும், அந்த நேரத்துக்கு டீயே மேல்.

சாயங்கால டீ விருந்துன்னு சொல்றாங்களே, போகலாமா?

குனார்ட் கப்பல்னா கண்டிப்பா போங்க. குயீன்ஸ் ரூம்ல வெள்ளை கிளவுஸ் போட்ட சர்வருங்க சாண்ட்விச், ஸ்கோன் எல்லாம் பரிமாற, பக்கத்துல இசை வாசிப்பாங்க, தனிக்காசு கிடையாது. பத்து நிமிஷம் முன்னாடியே போய் இடம் பிடிங்க. மத்த கப்பல்ல பேருக்கு நடக்கும்.

துறைமுகத்துல இறங்கினா எங்க காபி நல்லா இருக்கும்?

எல்லா ஊருக்கும் சொல்ல முடியாது, எனக்கு மனசுக்கு பிடிச்ச ரெண்ட சொல்றேன்.

இத்தாலி பக்கம் போறவங்க ட்ரியஸ்டேல இறங்க வாய்ப்பு கிடைச்சா விடாதீங்க. 1719ல சுதந்திரத் துறைமுகம் ஆனதுல இருந்து காபி மூட்டை வந்து இறங்குற ஊர், இல்லி கம்பெனி 1933ல அங்கதான் ஆரம்பிச்சது. கப்பல் நிக்கிறதும் ஊர் நடுவுலயே, இறங்கி நடந்தா கபே. ஆனா அந்த ஊர் பாஷை தனி, எஸ்பிரசோ வேணும்னா "நேரோ"ன்னு கேக்கணும், கொஞ்சம் பால் நுரையோட வேணும்னா "கேப்போ", அதையே சின்ன கண்ணாடி டம்ளர்ல வேணும்னா "கேப்போ இன் பி". அந்தக் கேப்போ இன் பிய நின்னுக்கிட்டே நாலு மடக்குல குடிச்சு முடிப்பாங்க, நம்ம ஊர் டீக்கடை வாசல்ல நிக்கிற மாதிரியே இருக்கும்.

சிங்கப்பூர்ல இருந்து கிளம்புறவங்களுக்கு பினாங்கு. ஸ்வெட்டன்ஹாம் பியர்ல இறங்கி நடந்தே லிட்டில் இந்தியா போயிடலாம். அங்க கோப்பின்னா கண்டென்ஸ்டு மில்க்கோட வரும், கோப்பி ஓன்னா பால் இல்லாம சர்க்கரையோட, கோப்பி சின்னா எவாப்பரேட்டட் மில்க், சர்க்கரையே வேண்டாம்னா "கோசோங்"னு கடைசில சேர்த்துக்கோங்க. கொட்டைய சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கிறதால கறுப்பா, கனமா இருக்கும். பக்கத்துக் கடைல தே தாரிக்னு சொல்ற பால் டீய ஆத்துறதையும் ஒரு நிமிஷம் நின்னு பாருங்க, அந்த சூட்டுல ஒரு கிளாஸ் குடிச்சுட்டு, ஃபிளாஸ்க்குலயும் நிரப்பிட்டு கப்பலுக்கு திரும்பினா சாயங்காலம் பஃபே டீ பக்கம் போக வேண்டி இருக்காது. கப்பல் ஏறுற வாசல்ல (கேங்வே) பை ஸ்கேன் பண்ணும்போது சில கப்பல்ல வெளில இருந்து வர்ற பானத்த கொட்டச் சொல்லுவாங்க, அதனால இறங்கறதுக்கு முன்னாடியே கெஸ்ட் சர்வீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு இறங்குங்க.