மனசு நாளுக்கு நாள் மோசமாகிட்டே போகுது, கவுன்சிலிங் போய் பேசினா உண்மையிலேயே ஏதாவது மாறுமா?

ஆறு மாசமா சரியா தூக்கம் இல்ல, வேலையில கவனம் நிக்கல, யார் போன் பண்ணாலும் எடுக்கத் தோணல, ஆனா "பெருசா எந்த காரணமும் இல்ல, இதுக்குப் போய் ஒருத்தர்கிட்ட காசு குடுத்து பேசணுமா"ன்னு கேட்டிருக்கீங்க. அந்த "பெருசா காரணம் இல்ல"ங்கிற வரிய படிச்சதும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன், ஏன்னா அதே நெனப்புதான் என்னை ஒன்றரை வருஷம் வீட்டுக்குள்ளயே உட்கார வச்சுச்சு. உங்களவிட ஏழெட்டு வயசு மூத்தவ, அக்கா சொல்றதா எடுத்துக்கோங்க. போங்க. காரணம் கிடைக்கட்டும்னு காத்திருக்காதீங்க.

நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசர். வீட்டுக்காரர் நல்லவர், பையன் ஸ்கூல் போறான், கடன்னு பெருசா ஒன்னும் இல்ல. அதனாலயே யார்கிட்டயும் சொல்ல வாய் வரல. காலைல மூணு மணிக்கு முழிப்பு வந்துடும், ஃபேன் சுத்துறத பார்த்துட்டே படுத்திருப்பேன், அழுகை கூட வராது. ஒரு தடவை தோசை மாவு புளிச்சு பொங்கி பாத்திரத்துல இருந்து வழிஞ்சு மேடையில காஞ்சு ஒட்டிக்கிச்சு, ரெண்டு நாள் அத பார்த்துட்டே போயிட்டு வந்துட்டு இருந்தேன், ஒரு ஈரத்துணி எடுத்து துடைக்க கை வரல. சோம்பேறித்தனம்னு எனக்கு நானே பேர் வச்சுக்கிட்டேன். அம்மா வந்து பார்த்துட்டு திருஷ்டின்னு சொல்லி சுத்திப் போட்டு, கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அவங்கள நான் குறையே சொல்ல மாட்டேன், அவங்களுக்குத் தெரிஞ்ச வழியில என்னை காப்பாத்தப் பார்த்தாங்க.

கடைசில எங்க குடும்ப டாக்டர்கிட்டதான் உடம்பு அசதின்னு போனேன். அவர் தைராய்டு, பி12, ஹீமோகுளோபின் எல்லாம் பார்க்கச் சொன்னார். இத நீங்களும் முதல்ல பண்ணிடுங்க, தைராய்டு குறைஞ்சாலும் மனசு இப்படித்தான் மந்தமாகும். எனக்கு ரத்தம் கொஞ்சம் கம்மி, அதுக்கு மாத்திரை குடுத்துட்டு "இது மட்டும் இல்லம்மா, மனநல டாக்டர் ஒருத்தர பாருங்க"ன்னு எழுதிக் குடுத்தார். அங்க 9 கேள்வி இருக்கிற ஒரு தாள் குடுத்தாங்க, போன ரெண்டு வாரத்துல எத்தனை நாள் தூக்கம் கெட்டுச்சு, எத்தனை நாள் எதுலயும் ஆர்வம் இல்லன்னு ஒவ்வொன்னுக்கும் 0ல இருந்து 3 வரைக்கும் போடணும், மொத்தம் 27. எனக்கு 16 வந்துச்சு. 10க்கு மேல போனாலே கவனிக்கணும்னு டாக்டர் சொன்னார். அந்த நம்பர பார்த்தப்ப எனக்கு வந்தது பயம் இல்ல, அப்பாடான்னு இருந்துச்சு, நானா இட்டுக்கட்டல, இதுக்கு டிப்ரஷன்னு ஒரு பேர் இருக்குன்னு.

முதல்ல போன கவுன்சிலர் எனக்கு சரிப்படல. இருபது நிமிஷத்துல யோகா பண்ணுங்க, வீட்டுக்காரர அனுசரிச்சுப் போங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க, நான் வீட்டுக்காரரப் பத்தி ஒரு வார்த்தை தப்பா சொல்லவே இல்ல. பேசுறதெல்லாம் வீண்னு முடிவு பண்ணி அடுத்த நாலு மாசம் எங்கயும் போகல. அந்த நாலு மாசத்த நெனச்சா இப்பவும் மனசு வலிக்குது. ஒரு சட்டை அளவு சரியில்லைன்னா வேற சட்டை போட்டுப் பார்ப்போம், இதுலயும் அப்படித்தான்னு யாரும் எனக்கு சொல்லல, அதான் உங்களுக்கு சொல்றேன். போறதுக்கு முன்னாடி படிப்பு என்னன்னு கேளுங்க. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு பண்ணின எண் இருக்கும், கேட்கிறதுல தப்பே இல்ல. அவங்க பேச்சு மூலமா சிகிச்சை குடுக்கிறவங்க, மாத்திரை எழுதுறது சைக்கியாட்ரிஸ்ட். எனக்கு ரெண்டுமே தேவைப்பட்டுச்சு. மாத்திரை வேலை செய்றது தெரிய ரெண்டு மூணு வாரத்துக்கு மேல ஆச்சு, அதுவரைக்கும் பொறுமையா போடணும், நல்லா இருக்குன்னு நாமளா நிறுத்தவும் கூடாது.

ரெண்டாவது போனவங்ககிட்ட முதல் நாள் பத்து நிமிஷம் நான் வாயே திறக்கல. அவங்களும் அவசரப்படுத்தல. அப்புறம் "நேத்து காலைல எழுந்ததுல இருந்து ஒன்னு ஒன்னா சொல்லுங்க"ன்னாங்க. பல் தேய்ச்சது, டிபன் கட்டுனதுன்னு சொல்லிட்டே வந்து அந்த மாவு கதைய சொல்றப்ப உடைஞ்சு அழுதுட்டேன். அவங்க அறிவுரை எதுவும் சொல்லல, "எத்தனை நாளா தனியா தாங்கிட்டு இருக்கீங்க"ன்னு மட்டும் கேட்டாங்க. வீட்ல பேசினா அம்மா பயந்துடுவாங்களோ, இவர் வருத்தப்படுவாரோன்னு பாதிய முழுங்கிட்டுதான் பேசுவோம், அங்க யாரையும் காப்பாத்த வேண்டியது இல்ல, பேச்சு முழுசா வெளிய வருது. ஃப்ரண்ட்ஸ்கிட்ட பேசுறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் என்னன்னு கேட்டிருந்தீங்க, என் அனுபவத்துல இதுதான்.

வெறும் பேச்சும் இல்ல. சிபிடின்னு சொல்வாங்க, நம்ம நெனப்பையும் நடந்துக்கிறதையும் மாத்திப் பழகுற சிகிச்சை, 1960கள்ல ஆரோன் பெக்ங்கிற அமெரிக்க டாக்டர் உருவாக்கின முறை. ஒரு நோட்டுல என்ன நடந்துச்சு, மனசுல என்ன ஓடுச்சு, அத எவ்வளவு நம்புறேன்னு நூத்துக்கு மார்க், அப்புறம் அதுக்கு ஆதாரம் இருக்கா இல்லையான்னு எழுதணும். சரக்கு வாங்குற பையர் என் மெயிலுக்கு ரெண்டு நாளா பதில் போடல, ஷிப்மென்ட் கேன்சல் ஆகப்போகுது, என் வேலை போகப்போகுதுன்னு எழுதி 90 போட்டேன். எதிர்பக்கம் எழுத உட்கார்ந்தா, அவங்க ஊர்ல அன்னைக்கு லீவு, போன மாசமும் இப்படித்தான் லேட்டா பதில் வந்துச்சு. மார்க் 40க்கு இறங்கிடுச்சு. கேட்க சின்ன விஷயமா இருக்கும், ஆனா இத வாரம் அஞ்சாறு தடவை எழுத எழுத அந்த மூணு மணி முழிப்புல வர்ற நெனப்பையும் ஒரு நெனப்பா மட்டும் பார்க்க முடிஞ்சுது. எனக்கு 14 தடவை போக வேண்டியிருந்துச்சு. அஞ்சாவது வாரம் வரைக்கும் எதுவும் மாறின மாதிரியே தெரியல, சில நாள் பேசிட்டு வந்தா முன்னவிட கனமாவும் இருந்துச்சு. அதனால ஒருத்தர்கிட்ட ஆறு தடவையாவது போயிட்டு முடிவு பண்ணுங்க, அதுக்குள்ள எங்கயாவது உங்கள மட்டம் தட்டுற மாதிரி இருந்தா மட்டும் உடனே வேற ஆள பாருங்க.

கல்யாணப் பேச்சு நடக்கிற நேரத்துல வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்னு எழுதியிருந்தீங்க. 2017 மனநலச் சட்டப்படி உங்க விவரத்த ரகசியமா வச்சுக்கிறது உங்க உரிமை, உயிருக்கு ஆபத்து மாதிரி சில சூழ்நிலைக்குத்தான் விதிவிலக்கு. காசு கஷ்டம்னா மாவட்ட அரசு தலைமை ஆஸ்பத்திரிலயே மனநலப் பிரிவு இருக்கு. நேர்ல போக தைரியம் வரலன்னா 14416க்கு போன் பண்ணுங்க, 2022ல மத்திய அரசு ஆரம்பிச்ச டெலிமானஸ்ங்கிற மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசுவாங்க.

நீங்க எழுதல, ஆனாலும் கேட்டுடறேன். இருந்து என்ன பண்றதுன்னு எப்பவாவது தோணுதா? தோணுச்சுன்னா அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க, இன்னைக்கு ராத்திரியே அந்த நம்பருக்கு கூப்பிடுங்க, பக்கத்துல நம்பிக்கையான ஒருத்தர உட்கார வச்சுக்கோங்க, தாங்க முடியலன்னா நேரா ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.

முதல் தடவை போறப்ப எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னு வார்த்தை வராது. நீங்க இங்க கேட்ட கேள்விய அப்படியே போன்ல எடுத்து அவங்ககிட்ட நீட்டுங்க, அவங்க படிக்கட்டும்.