சின்ன வயதில் அடி வாங்கியவர்களே பிறகு அடிப்பதை ஏன் ஆதரிக்கிறார்கள்?

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், வளர்ந்தவன் நான். "அப்பா அடிக்கலைன்னா உருப்பட்டிருக்க மாட்டேன்" என்று அங்கே பலர் சொல்வார்கள். பதில் அந்தப் பேச்சிலேயே இருக்கிறது. அடித்தவர் நம்மீது பாசம் வைத்தவர். அவர் செய்தது தவறு என்று ஒப்புக்கொள்ள மனம் வருவதில்லை. அதனால் 'எனக்கு அது தேவைதான்' என்று நம்பிவிடுகிறோம். அப்படி நம்புகிறவர்கள் தம் பிள்ளையை அடிப்பதையும் எளிதாக ஏற்கிறார்கள். பள்ளியில் அடிப்பதை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்த பிறகும், "நல்லா நாலு போடுங்க சார்" என்று சொல்லும் பெற்றோர் இருக்கிறார்கள்.

ஆனால் எல்லோரும் அப்படி ஆவதில்லை. கொழுந்து பறித்துக் களைத்து வரும் அம்மாவிடம் நிறைய அடி வாங்கிய என் அக்கா, "எனக்கு வலிச்சது, அது தப்பு" என்று வாய்விட்டுச் சொன்னவள். தன் பிள்ளைகள் மேல் அவள் ஒரு நாளும் கை வைத்ததில்லை.