கூரை விளிம்பில் வெடிப்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அண்ணே, என் தம்பி பெர்த்தில் இருக்கிறான். நாங்கள் இருவரும் சேர்ந்து பழைய மோட்டார்ஹோம் ஒன்று வாங்கியிருக்கிறோம். ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு போய் அதில் சுற்றுவோம். இந்த ஜூனில் போனபோது, ஓட்டுநர் இருக்கைக்கு மேலே இருக்கும் படுக்கையின் மூலையில் பலகை மெத்தென்று அமுங்கியது. ஈரத்துணி வாடை வேறு. வெளியே ஏறிப் பார்த்தால் கூரை விளிம்பில் இடுக்கை அடைக்கும் பசையான சீலண்ட் வெடித்திருக்கிறது. அதன் மேலேயே ஒரு டியூப் சிலிக்கான் அடித்தால் போதும் என்கிறான் தம்பி. டிசம்பரில் எனக்கு ஒரு வாரம் கிடைக்கும். நாங்களே செய்யலாமா? — ஈசூன் வாசகர்

பதில்: செய்யலாம் தம்பி. ஆனால் அந்தச் சிலிக்கான் டியூப்பை ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். வண்டி முழுவதற்கும் ஒரு வாரம் போதாது. முன் மூலைக்கும் ஒரு பக்க விளிம்புக்கும் போதும். அதைச் சரியாகச் செய்தாலே பெரிய வேலை முடிந்த மாதிரி.

கூரை விளிம்பில் தெரிகிற வெள்ளைக் கோட்டைத்தான் எல்லோரும் சீல் என்று நினைக்கிறார்கள். இந்த மாதிரி வண்டிகளில் தண்ணீரை உண்மையில் தடுப்பது, அலுமினியப் பட்டைக்கும் கூரைத் தகட்டுக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கும் பியூட்டைல் டேப், அதாவது பிசுபிசுவென்று ஒட்டும் ரப்பர் நாடா. மேல் கோடு அதை வெயிலிலிருந்து காப்பாற்றும் மறைப்பு. வண்டி ஓடும்போது அதன் உடம்பு முறுக்கிக்கொண்டே போகும். வெயில் ஏறினால் தகடு நீளும். அலுமினியம் மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.023 மில்லிமீட்டர் நீளும். ஆறு மீட்டர் பட்டையில் காலைக்கும் நண்பகலுக்கும் 40 டிகிரி வித்தியாசம் வந்தால் ஐந்தரை மில்லிமீட்டர் ஆகிறது. இப்படி ஆண்டுக்கணக்கில் இழுபட்ட டேப் காய்ந்துபோய் ஒரு பக்கம் பிடியை விட்டுவிடும். அந்த நிலையில் மேலே புதுக்கோடு இழுத்தால், அடியில் அசையும் பழைய வெடிப்பு புதியதையும் அதே இடத்தில் கிழிக்கும். அதோடு, உள்ளே புகுந்துவிட்ட தண்ணீர் திரும்பி வர வழியில்லாமல் மரச்சட்டத்திலேயே தங்கும். வெளியிலிருந்து பார்த்தால் பளிச்சென்று இருக்கிற வண்டியில் உள்ளே சட்டம் மக்கிப் போயிருப்பதைப் பார்க்க எனக்கு மனசு ஆறுவதில்லை. பெர்த்தில் என் மகள் குடும்பத்தின் வண்டியில் நான் கை வைத்தபோதும் முந்தைய சொந்தக்காரர் மூன்று வகைச் சீலண்டை அடுக்கடுக்காகப் பூசியிருந்தார். அடியில் டேப் தூளாகக் கொட்டியது.

டிசம்பர் என்பது நல்ல நேரம். பெர்த்தில் பெருமழை மே முதல் ஆகஸ்ட் வரை. நீங்கள் ஜூனில் வாடையை உணர்ந்ததற்கு அதுவே காரணம். டிசம்பரில் காற்று காய்ந்து கிடக்கும், மரம் உலரும். நம் ஊரில் இதே வேலையை டிசம்பரில் தொடங்கியிருந்தால் வடகிழக்குப் பருவமழைக்கு நடுவே மாட்டிக்கொள்வோம்.

முதல் நாளில் எதையும் கழற்றாதீர்கள். தண்ணீர் எங்கே புகுகிறது என்று கண்டுபிடியுங்கள். அது சொட்டுகிற இடமும் புகுகிற இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது, சட்டத்தின் மேல் ஓடிவந்து தாழ்வான மூலையில்தான் இறங்கும். மேல்படுக்கை உள்ள வண்டிகளில் நான் சந்தேகப்படுவது மூன்று இடம்: நெற்றியில் வரிசையாக இருக்கும் சிறு விளக்குகள், முன் ஜன்னல், கூரைத் தகடும் முன் முகப்பும் சேரும் மூட்டு. ஒருவர் உள்ளே டார்ச்சோடு படுத்துக்கொள்ள, இன்னொருவர் வெளியே ஹோஸ் பிடிக்க வேண்டும். கீழிருந்து தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் நின்று, மெதுவாக மேலே போங்கள். மேலிருந்து ஊற்றினால் எல்லா ஓட்டையும் ஒரே நேரத்தில் நனையும், ஒன்றும் புரியாது. பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம், அது நல்ல மூட்டையும் பிய்த்துவிடும்.

மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானி ஒன்று வாங்குங்கள், இரண்டு ஊசி உள்ளது போதும். உள்சுவரில் கையளவு இடைவெளிக்கு ஒரு தடவை வைத்து, எண்ணைப் பென்சிலால் அங்கேயே எழுதுங்கள். 15 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 20க்கு மேல் போனால் அங்கே தண்ணீர் வருகிறது என்று அர்த்தம், பூஞ்சை மரத்தைத் தின்னத் தேவையான ஈரம் அதுதான். 30ஐத் தாண்டினால் சட்டம் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். அந்த எண்களை வைத்துப் பார்த்தால் ஈரம் எந்தப் பக்கத்திலிருந்து பரவுகிறது என்பது சுவரிலேயே படமாகத் தெரியும்.

பிறகு கழற்றுங்கள். விளிம்புப் பட்டையின் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாடா ஓடும். அதை உருவினால் கீழே வரிசையாக ஸ்க்ரூக்கள் தெரியும். துருப்பிடித்த ஸ்க்ரூ எங்கே இருக்கிறதோ அங்கே தண்ணீர் போயிருக்கிறது, அந்த இடத்துக்கு நேரே உள்ளே பாருங்கள். ஸ்க்ரூக்களை எடுத்தபின் பட்டையை இழுக்காதீர்கள், வளைந்தால் மறுபடி ஒட்டி உட்காராது. ஹீட் கன்னைக் குறைந்த சூட்டில் காட்டி, பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரை நுழைத்து, சிறிது சிறிதாகக் கிளப்புங்கள். உலோகக் கத்தி ஃபைபர்கிளாஸின் மேல்பூச்சைக் கீறும், அந்தக் கீறலே அடுத்த கசிவுக்கு வழி. ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய பியூட்டைலை வொயிட் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தால் வந்துவிடும். ஆனால் வண்டியின் கூரை ரப்பர் விரிப்பாக இருந்தால் அந்த எண்ணெய்க் கரைப்பான் படக்கூடாது, ரப்பர் ஊதிப்போகும். அமெரிக்க வண்டிகளில் இந்தக் கூரை சகஜம், முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஜன்னல்கள் கண்ணாடி மாதிரித் தெரியும் பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் என்றால் அசிட்டோனும் தின்னரும் அவற்றின் பக்கமே போகக்கூடாது. மெல்லிய வெடிப்பு நாலா பக்கமும் ஓடிவிடும். சோப்புத் தண்ணீர் போதும்.

மரம் தெரிந்ததும் கூரான கம்பியால் குத்திப் பாருங்கள். கம்பி சுலபமாக இறங்கினால் அந்தத் துண்டை வெட்டியெடுத்துப் புதுச்சட்டம் வைக்க வேண்டும். அது உங்களால் முடியாவிட்டால் தச்சரைக் கூப்பிடுங்கள். உறுதியாகவே இருந்து ஈரமாக மட்டும் இருந்தால், திறந்தபடி விட்டு ஒரு விசிறியைப் போடுங்கள். மானி 15க்குக் கீழே இறங்கும்வரை மூடக்கூடாது. உங்கள் ஒரு வாரத்தில் பாதி இதற்கே போகும். போகட்டும். உங்கள் விமானம் கிளம்பும்வரை காயவில்லை என்றால் தார்ப்பாய் போட்டுவிட்டு, மீதியைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வாருங்கள். ஈரத்தை உள்ளே வைத்து மூடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

திரும்ப வைக்கும்போது பட்டையின் அடியில் புது பியூட்டைல் டேப்பை இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ வாங்கி, ஒவ்வோர் ஓட்டையிலும் சிறு உருண்டை பியூட்டைல் வைத்து முறுக்குங்கள். கையால் முறுக்குவதே நல்லது. டேப் ஓரத்தில் சீராகப் பிதுங்கி வர வேண்டும். மறுநாள் வெயிலில் சூடானபின் இன்னும் கொஞ்சம் இறுகும், அப்போது எல்லா ஸ்க்ரூவையும் ஒரு தடவை மறுபடி இறுக்கிவிட்டு, பிதுங்கியதைப் பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரால் சீவுங்கள்.

கடைசியில்தான் மேல் கோடு. இதற்குப் பாலியூரித்தேன் சீலண்டோ ஹைப்ரிட் பாலிமர் சீலண்டோ எடுங்கள். சிக்காஃப்ளெக்ஸ் மாதிரியான பெயர்களில் கேரவனுக்கென்றே வருகின்றன, டியூப்பில் எந்தப் பரப்பில் ஒட்டும் என்று எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். இருபுறமும் மாஸ்கிங் டேப், ஒரே சீரான இழுவை, விரலால் ஒரு தடவல், தோல் கட்டுவதற்கு முன் டேப்பை உரித்துவிட வேண்டும். காலையில் செய்யுங்கள். நண்பகலில் கூரை சுடும், கோடு இழுத்து முடிப்பதற்குள் மேலே தோல் கட்டிவிடும். இவை காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும். 23 டிகிரியும் பாதி ஈரப்பதமும் இருந்தால் நாளொன்றுக்குச் சுமார் மூன்று மில்லிமீட்டர் ஆழம். காற்று ரொம்பக் காய்ந்திருந்தால் அதைவிட மெதுவாக நடக்கலாம், அதனால் அடுத்த நாளே நெடுஞ்சாலைக்குக் கிளம்பாதீர்கள்.

ஜன்னல் சட்டத்தின் கீழ் விளிம்பில் சின்னச் சின்னத் துளைகள் இருந்தால் அவற்றை அடைத்துவிட வேண்டாம். உள்ளே சேரும் தண்ணீர் வடிவதற்காக வைத்தவை அவை.

கேள்வி: ஐயா, காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் என் டெலிவரி லாரியின் பெட்டிக்குச் சிலிக்கான் அடித்தேன். அடித்த அன்று புளிக்காடி வாடை வீசியது. இப்போது ஓரங்களில் உரிகிறது, தகட்டில் துருவும் தெரிகிறது. மேலே பெயிண்ட் அடித்தால் நிற்குமா? — பிடோக் வாசகர்

பதில்: நிற்காது தம்பி. சிலிக்கான் மேல் பெயிண்ட் பிடிக்காது, வேறு சீலண்டும் பிடிக்காது. இறுகிய பழைய சிலிக்கான் மேல் புதுச் சிலிக்கானே சரியாகப் பிடிப்பதில்லை. உங்களுக்கு வந்த வாடை அசிட்டிக் அமிலம். அந்த வகைச் சிலிக்கான் இறுகும்போது அமிலத்தைக் கக்கும், துத்தநாகம் பூசிய தகட்டை அது அரிக்கும். கண்ணாடிக்கும் குளியலறை ஓட்டுக்கும் உரிய சாமான் அது. செம்பவாங் கப்பல் பட்டறையில் நான் இருந்த காலத்தில், பெயிண்ட் அடிக்கப் போகும் இடத்தின் பக்கம் சிலிக்கான் டியூப்பைக் கொண்டுவரவே விடமாட்டார்கள். அந்தக் கண்டிப்பை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

முழுவதையும் சீவி எடுங்கள். மீதிப் படலத்துக்குச் சிலிக்கான் ரிமூவர் ஜாலான் புசார் பக்கத்து இரும்புக்கடைகளில் கேட்டுப் பாருங்கள். சுத்தமாகிவிட்டதா என்று அறிய ஒரு வழி உண்டு: தண்ணீரைத் தெளியுங்கள். சீராகப் பரவி நின்றால் சுத்தம். கத்தரித்த மாதிரி விலகி உருண்டால் அங்கே இன்னும் சிலிக்கான் இருக்கிறது. துருவைத் தேய்த்து, பிரைமர் அடித்து, காய்ந்தபின் பாலியூரித்தேன் போடுங்கள். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற ஊரில் லாரி வைத்திருக்கிறீர்கள், இந்த உழைப்பு வீண்போகாது.

கேள்வி: வீடு புதுப்பித்தபோது மிஞ்சிய பாலியூரித்தேன் டியூப்புகள் பாம் ஷெல்டரில் கிடக்கின்றன. சிட்னியில் மகனுடைய கேரவனுக்கு எடுத்துப் போகலாமா அண்ணே? — சுவா சூ காங் வாசகி

பதில்: டியூப்பின் அடியில் காலாவதித் தேதி அச்சாகி இருக்கும், பாருங்கள் அம்மா. பெரும்பாலானவை ஓராண்டுக்குள் பயன்படுத்த வேண்டியவை, அதுவும் 25 டிகிரிக்குக் கீழே வைத்திருந்தால்தான். நம் ஊர்ச் சூட்டில் ஷெல்டருக்குள் கிடந்தால் அதற்கு முன்பே கெட்டியாகிவிடும். தேதி தாண்டியதைக் கூரையில் போட வேண்டாம். வெளியே இறுகின மாதிரி இருந்தாலும் தகட்டில் பிடிக்காமல் போகலாம். பிரைமரும் கரைப்பானும் தீப்பிடிப்பவை, அவற்றை விமானப் பெட்டியில் வைக்கவே கூடாது. சிட்னியிலேயே கேரவன் சீலண்ட் கிடைக்கும். ஷெல்டரில் இருப்பதில் தேதி தாண்டாதது ஏதாவது இருந்தால் வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிசம்பரில் நியூசிலாந்தில் வாடகை மோட்டார்ஹோம் எடுக்கிறோம். போன முறை மழையில் ஜன்னல் ஓரத்தில் சொட்டி மெத்தை நனைந்தது. கையோடு ஒரு டியூப் கொண்டுபோகட்டுமா? — உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: வேண்டாம். அடுத்தவர் வண்டியில் சீலண்ட் போட்டால் பழுதுக்கான பொறுப்பு உங்கள் தலையில் வரலாம். சாவி வாங்கும்போதே மேல்படுக்கை மூலைகளையும் ஜன்னலுக்குக் கீழே உள்ள பலகையையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தாலோ, கறை வட்டம் தெரிந்தாலோ படம் எடுத்து, அவர்கள் தரும் படிவத்தில் எழுதச் சொல்லி, வேறு வண்டி கேளுங்கள். வழியில் சொட்டினால் அன்றைக்கே போன் செய்து சொல்லுங்கள். இரவில் வண்டியை நிறுத்தும்போது சொட்டுகிற பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்துங்கள், மழைத்தண்ணீர் மறுபக்கமாக வழியும், பிள்ளைகள் காய்ந்த மெத்தையில் தூங்கலாம்.