கால்நடை கேள்வி பதில்

கேள்வி: கட்டு அவிழ்ந்த மாடு தானிய மூட்டையில் வாய் வைத்துவிட்டால் சுருண்டு படுத்துவிடுகிறதே, ஏன்? சத்தான தீனிதானே?

பதில்: மாடு விழுங்கியதை முதலில் தின்பவை, முதல் வயிறான அசையூண் பையில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள். பெரிய மாட்டில் அந்தப் பை நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். நார்த்தீனியை அவை மெல்லப் புளிக்க வைத்துத் தரும் அமிலங்கள்தான் மாட்டின் சக்தியில் பெரும்பங்கு. மாவுச்சத்து திடீரென்று குவிந்தால் லாக்டிக் அமிலம் சுரக்கும் பாக்டீரியாக்கள் மளமளவென்று பெருகும். 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்கவேண்டிய அமிலக்காரக் குறியீடு (pH, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 5-க்கும் கீழே போய்விடும். நாரைச் செரிக்கும் கூட்டம் மடிந்துவிடும், பையின் உட்சுவர் வெந்துபோகும். ரத்தத்திலிருந்து நீர் பைக்குள் இழுக்கப்படுவதால் உடம்பு வறண்டு, கண் உள்ளே போய், மாடு தள்ளாடும். சாணம் தண்ணீராய், புளித்த வாடையோடு போகும். பிழைத்த மாட்டுக்கும் பின்னால் குளம்பு நோய் வரலாம். முழுத் தானியத்தைவிட அரைத்த மாவு வேகமாகக் கெடுக்கும்.

மிச்சத் தானியத்தை அகற்றி, உலர்ந்த வைக்கோல் மட்டும் வையுங்கள். எவ்வளவு தின்றிருக்கும், எப்போது தின்றது என்று கணக்குச் சொல்லி மருத்துவரை உடனே அழையுங்கள். அதிகம் தின்றிருந்தால் பையைத் திறந்து காலி செய்ய வேண்டிவரும். மாடு நன்றாகத்தானே நிற்கிறது என்று விடியும்வரை காத்திருப்பதுதான் பெரிய தவறு. அறிகுறி தெரியவே பல மணி நேரம் ஆகும்.

தானியம், பிண்ணாக்கு போன்ற அடர்தீவனத்தைக் கூட்டுவதானால் 10 முதல் 14 நாட்களில் படிப்படியாகக் கூட்டுங்கள். ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு மூன்றாகப் பிரித்து, நார்த்தீனி தின்ற பிறகு வையுங்கள். ஆட்டுக்கும் இதே கதைதான்.

கேள்வி: செரிமானம் சரியாக நடக்கிறதா என்று கையால் தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: இடப்பக்கம், கடைசி விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வையுங்கள். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை பை புரண்டு கையைத் தள்ள வேண்டும். பள்ளம் மேடாகி, தட்டினால் மத்தளம்போல் ஒலித்தால் உப்புசம். மூச்சும் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. மாடு நாளுக்கு ஆறேழு மணி நேரமாவது அசை போட வேண்டும். அப்போது ஊறும் எச்சிலில் உள்ள சோடா உப்புதான் பையின் புளிப்பை அடக்குகிறது. தீனியைப் பொடியாக்கி வைத்தால் அசை குறையும், எச்சிலும் குறையும்.

கேள்வி: கன்று குடிக்கும் பாலும் அந்தப் பைக்குத்தான் போகிறதா?

பதில்: போகக் கூடாது. கன்று சப்பும்போது உணவுக்குழல் முனையில் உள்ள மடிப்பு குழாய்போல் மூடிக்கொண்டு, பாலை நேரே நான்காம் வயிற்றுக்கு அனுப்பிவிடும். குழாய் விட்டு வயிற்றில் ஊற்றினால் பால் முதல் பையில் தங்கிப் புளிக்கும்.